ஒன்பது நிமிடத்துக்கு ஒரு விருது

1

நம் கல்லூரிப் பழைய மாணவர் மலருக்கு இந்த ஆண்டு நான் அனுப்ப நினைத்திருந்தது வேறு கட்டுரை. இங்கே, இங்கிலாந்தின் வடக்கில், முதல் பனி எந்த நாளில் விழுகிறது, கடைசிப் பனி எந்த நாளில் கரைகிறது என்று வந்த நாளிலிருந்து நாட்குறிப்பில் எழுதிவருகிறேன். அதைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிற்கிறது. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9.14க்கு வந்த மின்னஞ்சல்தான் காரணம்.

தேதி போடாமல் நான் ஒரு வரி எழுத மாட்டேன் என்பது தாம்பரத்தில் என்னோடு படித்தவர்களுக்குத் தெரியும். 'கேலண்டர்' என்று பெயர் வைத்தவர்களே நீங்கள்தான். இந்த முறை தேதிகளை விட்டுவிட்டுக் கிழமைகளை மட்டும் சொல்கிறேன். தேதி சொன்னால் இதில் வரும் மாணவி யாரென்று கண்டுபிடிப்பது எளிது. மேகன் என்பதும் நான் அவளுக்கு வைத்த பெயர்.

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறையில் அலுவலக ஊழியன். மாணவர்களின் வேலைகள் பெரும்பாலும் கணினி வழியாகவே வந்துவிடுகின்றன. கட்டட மாதிரிகள் மட்டும் இன்னும் கையில்தான் வர வேண்டும். அட்டையிலும் மெல்லிய மரப்பட்டையிலும் செய்த குட்டி வீடுகளையும் பாலங்களையும் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாங்கி, ரசீதில் தேதி முத்திரை குத்தி, நேரத்தைக் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டுப் பாதியைக் கிழித்துக் கொடுப்பது என் வேலை. கடைசி நாளன்று நண்பகல் பன்னிரண்டு மணியோடு முடிந்தது. பன்னிரண்டைத் தாண்டி வரும் மாதிரிக்கு மதிப்பெண் பூஜ்யம். மறுபடி முயல ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு வசந்த காலத்திலும் இங்கே மாணவர் சங்கம் விருதுகள் கொடுக்கிறது. சிறந்த ஆசிரியர், சிறந்த வழிகாட்டி, சிறந்த உதவி ஊழியர் என்று பல பிரிவுகள். நிர்வாகம் தேர்ந்தெடுப்பதில்லை. மாணவர்களே பெயரை முன்மொழிந்து, ஏன் என்று நாலு வரி எழுத வேண்டும். நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவரும், பட்டறையில் ரம்பத்தைப் பழுது பார்க்கிறவரும் மேடையேறிக் கண்ணாடிக் கேடயம் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். என் பெயரை யாரும் எழுதியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் 'வாழ்த்துகள்' என்று தொடங்கியது.

2

என் பெயரை முன்மொழிந்து மேகன் எழுதியிருந்ததைத் தமிழில் தருகிறேன்.

"மாதிரி ஒப்படைக்கும் நாளில் பேருந்து பனியில் நின்றுவிட்டது. கடைசி ஒரு மைல் நடந்தேன். நான் உள்ளே வந்தபோது நேரம் முடிந்திருந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என் காலணிகளைப் பார்த்தார். பிறகு ரசீதில் 11.58 என்று எழுதினார். பாதியைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். இந்தக் கட்டடத்தில் எனக்காக யாரும் இவ்வளவு செய்ததில்லை."

எல்லாம் உண்மை. பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. கவுன்ட்டரின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தேன். அவள் தன் கோட்டைக் கழற்றி மாதிரியைச் சுற்றிக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தாள். மரப்பட்டையில் செய்த சிறிய நூலகம். ஒரு மூலைகூட நனையவில்லை. அவள்தான் தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். நின்ற இடத்தில் தரையில் தண்ணீர் தேங்கியது.

மின்னஞ்சலின் அடியில் இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. இந்த வாசகம் வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு என் துறை மேலாளருக்கும் அனுப்பப்படும். வேண்டாம் என்றால் அதற்குள் கீழேயுள்ள பொத்தானை அழுத்தலாம், முன்மொழிவு நீக்கப்படும்.

அனுப்பினால் ரசீது பொய் என்று தெரிந்துவிடும். மேகனின் மதிப்பெண் பூஜ்யமாகும், அவளுக்கு ஓர் ஆண்டு போகும். பொத்தானை அழுத்தினால் யாருக்கும் எதுவும் தெரியாது. அன்று அழுத்துவதற்காகச் சுட்டியை அதன்மேல் கொண்டுபோனேன். ஏன் நிறுத்தினேன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

3

மாலையில் என் மகள் மீராவிடம் காட்டினேன். பத்தொன்பது வயது, இதே ஊரில் வேறு கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் தமிழ் கேட்பாள், ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எனக்காகச் சில சமயம் தமிழில் பேசிப் பார்ப்பாள்.

"அய்யோ அப்பா, சோ ஸ்வீட்! நீங்க இதெல்லாம் செய்வீங்களா? என்கிட்ட மட்டும்தான் ஸ்ட்ரிக்ட்டா?"

"விஷயம் அது இல்லம்மா. அது பொய் நேரம்."

"ஒன்பது நிமிஷம்ப்பா. யாரு செத்தாங்க?"

"உனக்கு எப்படித் தெரியும் ஒன்பதுன்னு? அந்தப் பொண்ணு அதை எழுதலையே."

"நீங்கதான் இப்ப சொன்னீங்க. பன்னெண்டு ஒன்பதுன்னு."

சொல்லியிருக்கிறேன். என்னை அறியாமல். உள்ளே போய் நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது: 'மேகன், நூலக மாதிரி, 12.09. பேருந்து பனியில் நின்றதாம். காலணியில் தண்ணீர்.'

அலுவலக ரசீதில் 11.58. நாட்குறிப்பில் 12.09. இரண்டும் ஒரே பேனா, ஒரே நாள், ஒரே கை. யாரும் படிக்காத புத்தகத்தில் உண்மையை எழுதிவிட்டு, எல்லோரும் படிக்கும் காகிதத்தில் பொய்யை எழுதியிருக்கிறேன்.

4

அந்த 11.58ஐ நான் எங்கிருந்து கற்றேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. உங்களில் பலருக்கும் ஸ்டெல்லா அக்காவை நினைவிருக்கும். நம் கல்லூரி அலுவலகத்தில், ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம், விண்ணப்பங்கள் வாங்கும் இடத்தில் இருந்தவர். மாலை நாலு மணிக்கு மணியடித்ததும் ரப்பர் முத்திரையின் சக்கரத்தை ஊக்கால் நகர்த்தி மறுநாள் தேதிக்கு மாற்றிவிடுவார். அதற்குமேல் வருவது எதுவானாலும் மறுநாள் கணக்குத்தான்.

இறுதியாண்டுத் தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். நவம்பர் மழை. ஊரப்பாக்கத்தில் நான் ஏறிய செங்கல்பட்டு வண்டி வண்டலூரைத் தாண்டி நின்றுவிட்டது. தாம்பரத்தில் இறங்கி, மேம்பாலப் படிகளில் ஏறி இறங்கி, கிழக்குப் பக்கம் ஓடி வந்தபோது அலுவலகக் கதவருகே கடைநிலை ஊழியர் ஏழுமலை அண்ணன் நின்றிருந்தார்.

"இன்னாப்பா, இப்பத்தான் வர்றியா? அக்கா உங்களுக்காவதான் வூட்டுக்குப் போவாம குந்திகினு கீது. ஓடு, ஓடு!"

என்னோடு இன்னும் மூன்று பேர், எல்லோரும் அதே வண்டி. அக்கா விண்ணப்பத்தை வாங்கினார். முத்திரை விழுந்தது. நீல மையில் அன்றைய தேதி. ஒரு பெரிய பதிவேட்டை என் பக்கம் திருப்பி, "இங்க ஒரு கையெழுத்து" என்றார். போட்டேன். அந்தத் தேதி மட்டும் மறுநாளாக இருந்திருந்தால் எனக்கு ஆறு மாதம் போயிருக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே மலரில் இதைப் பற்றி எழுதினேன். 'எங்களுக்காக ஸ்டெல்லா அக்கா அன்று முத்திரையைத் திருப்பாமல் காலத்தையே நிறுத்திவைத்தார்' என்பது அதன் கடைசி வரி. பலர் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். அங்கே அலுவலக ஊழியர்களுக்கு விருது கொடுக்கும் வழக்கம் இல்லையே, இதுவே அவருக்கு நான் கொடுக்கும் விருது என்று நினைத்துக்கொண்டேன்.

5

புதன்கிழமை மதிய இடைவேளையில் அக்காவை அழைத்தேன். அங்கே மாலை ஆறேகால். ஓய்வு பெற்று, ஊரப்பாக்கத்தில் மகன் குடும்பத்தோடு ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். அவர் தொலைபேசி எண்ணை மலர்க் குழுவிடமிருந்து வாங்கினேன். மலர் வந்த பிறகு நான் ஒருமுறைகூட அழைத்ததில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"யாரு? ஓ, கேலண்டரா! என்னடா, சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது இன்னிக்கி?"

நலம் விசாரித்தேன். மேகன் கதையைச் சொன்னேன். விருதுக்குப் பெயர் வந்திருப்பதையும் சொன்னேன். "எல்லாம் நீங்க கத்துக் கொடுத்ததுதான்க்கா. நீங்க அன்னிக்கி எங்களுக்குச் செஞ்சதை நான் இந்தப் பொண்ணுக்குச் செஞ்சேன்" என்று முடித்தேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

பின்னால் யாரோ குக்கரை இறக்கும் சத்தம் கேட்டது.

"நான் என்னடா செஞ்சேன்?"

"முத்திரையைத் திருப்பாம..."

"நாலு மணிக்குத் திருப்பணும், திருப்பல. சரி. யாரைக் கேட்டுத் திருப்பல?"

"தெரியலக்கா."

"பிரின்சிபால் சாரைக் கேட்டு. மூணே முக்காலுக்கு ஸ்டேஷனுக்கு போன் போட்டேன். செங்கல்பட்டு வண்டி எங்க சார் நிக்குதுன்னு கேட்டேன். வண்டலூர் தாண்டி சிக்னல்ல நிக்குது, அரை மணி ஆகும்னாங்க. அதை ரெஜிஸ்டர்ல எழுதி, அவர்கிட்ட கொண்டுபோய், 'இந்த வண்டியில வர்ற புள்ளைங்களுக்கு இன்னிக்கித் தேதியே போடலாம்'னு அவர் கையால எழுதி வாங்கினேன். அதுக்குக் கீழ நாலு பேர் பேரு. பேருக்கு நேரா வந்த நேரம். உன்னோடது 4.25."

அந்தப் பெரிய பதிவேடு எனக்கு நினைவுக்கு வந்தது.

"பக்கத்துலயே கையெழுத்துப் போட்டியே. எதுல போடுறோம்னு படிச்சியா?"

"இல்லக்கா."

"ஊரெல்லாம் தேதி கேட்டுட்டுத் திரிவ. உன் பேருக்கு நேரா இருந்த நேரத்தைப் படிக்கல."

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு, குரலைச் சற்றுத் தாழ்த்திச் சொன்னார். அந்த மலர் வெளியீட்டு விழாவில் என் கட்டுரையை மைக்கில் வாசித்தார்களாம். எல்லோரும் கைதட்டினார்களாம். பிறகு சாப்பாட்டு வரிசையில், ஓய்வு பெற்ற பழைய கண்காணிப்பாளர் ஒருவர் தட்டோடு அருகில் வந்து கேட்டாராம்: "என்ன மேடம், இப்படி எத்தனை ஃபாரத்துக்குத் தேதி நிறுத்தி வெச்சீங்க? எங்களுக்குத் தெரியாமப் போச்சே."

"விளையாட்டாத்தான் கேட்டார். பக்கத்துல நாலு பேர் சிரிச்சாங்க. நான் என்னத்தச் சொல்ல? ரெஜிஸ்டர் இருக்குன்னு சொல்லலாம். அது எந்தக் குடோன்ல கெடக்கோ. முப்பது வருஷம் அந்த ஜன்னல்ல உக்காந்தேன். ஒரு தேதி தப்பாப் போட்டதில்ல. அதுக்கப்புறம் நான் எந்த ஃபங்ஷனுக்கும் போறதில்லடா."

"அக்கா, நான் நன்றி சொல்லத்தான் எழுதினேன்."

"தெரியும். அதனாலதான் உன்னைக் கூப்பிட்டுத் திட்டல." சற்று நிறுத்தி, "அந்தப் பொண்ணு பஸ்ஸு நின்னுச்சுன்னு சொன்னாளே, பஸ்காரங்களக் கேட்டியா?"

"கேக்கல."

"ஏன்?"

கேட்கத் தோன்றவில்லை. விதிக்குள் ஒரு வழி இருக்கும் என்று நான் தேடவில்லை. அக்காவைப் போலச் செய்கிறேன் என்ற பெருமையில், அவர் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தேன்.

6

வியாழக்கிழமை காலை முதலில் மேகனிடம் போனேன். அவளைக் கேட்காமல் மேலாளரிடம் போவது முறையல்ல என்று பட்டது, இழக்கப்போவது அவள். பட்டறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வழிகளையும் சொன்னேன். நான் பொத்தானை அழுத்திவிட்டால் இது இங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் உண்மை நேரத்தைச் சொல்லி, பேருந்து நின்றதற்கு ஆதாரம் சேர்த்து, தாமதங்களை விசாரிக்கும் குழுவிடம் படிவம் கொடுத்து முறையிடலாம். ஏற்பார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

அவள் முகம் சிவந்துவிட்டது. "நன்றி சொல்லத்தானே நான் எழுதினேன்" என்றாள்.

முந்தின நாள் நான் சொன்ன அதே வாக்கியம். தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கையிலிருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பேருந்து நிஜமாகவே நின்றது, நான் நிஜமாகவே நடந்தேன், நான் எதற்கு ஒளிய வேண்டும்?" என்று எரிச்சலோடு கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். பிறகு, "எந்தப் படிவம்?" என்றாள்.

என் மேலாளர் ஜானிஸ் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். இதை நீங்கள் என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்பது அவருடைய முதல் வாக்கியம். சொல்லிவிட்டீர்கள், ஆகவே கதவைச் சாத்துங்கள் என்பது இரண்டாவது. ரசீதில் நேரத்தைப் பொய்யாக எழுதியதற்கு எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை; ஓராண்டு என் கோப்பில் இருக்கும். மேகனின் மதிப்பெண் குழு முடிவு செய்யும்வரை நிறுத்திவைக்கப்படும். விருது முன்மொழிவை நானே விலக்கிக்கொள்வது நல்லது என்றார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிவரை காத்திருக்காமல் அவர் முன்னாலேயே பொத்தானை அழுத்தினேன்.

7

படிவம் பதினோரு பக்கம். ஏறிய பேருந்தின் எண், நிறுத்தத்தின் பெயர், நடந்த தூரம், இதனால் ஏற்பட்ட மன உளைச்சலை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணால் குறிக்கவும். "ஆறு போடலாமா?" என்றாள் மேகன். பேருந்து நிறுவனத்துக்கு அவள் எழுதினாள். எட்டாம் நாள் பதில் வந்தது: அந்த வழித்தடத்தில் அன்று காலை ஐம்பது நிமிடத் தாமதம். ஒரு தொலைபேசி அழைப்பில் அன்றே எனக்குக் கிடைத்திருக்கும்.

அவள் வந்த உண்மை நேரத்துக்கு அன்றே எழுதிய ஆதாரம் வேண்டும் என்றார்கள். என் நாட்குறிப்பைத் தவிர வேறில்லை. அது தமிழில் இருந்தது. ஊழியர் அல்லாத ஒருவர் மொழிபெயர்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று மறுகடிதம் வந்தது. இந்த ஊரில் எனக்குத் தெரிந்து தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்த இன்னொருவர் மீராதான். சிறு வயதில் சனிக்கிழமைப் பள்ளியில் கற்றது.

சாப்பாட்டு மேசையில் விரல் வைத்து வாசித்தாள்.

"மே...கன். நூ...லக மா...திரி. அப்பா, மாதிரின்னா லைக் தானே? லைப்ரரி மாதிரின்னா, லைப்ரரி இல்ல, ஆனா பாக்க அப்படி இருக்குமா?"

"கிட்டத்தட்ட அதேதான். மாடல்னு எழுது."

எழுதினாள். விரல் கீழே நகர்ந்தது. அதே பக்கத்தில் அதற்கடுத்த வரியை அவளே கூட்டி வாசித்தாள், நான் மறந்துபோயிருந்த வரி.

"மீரா... சாப்பிட வர...வில்லை. 8.40 வரை... காத்தி...ருந்தேன்." நிமிர்ந்து பார்த்தாள். "இதெல்லாமா எழுதுவீங்க?"

"எல்லாம்தான்."

"ஏன் வரலைன்னு என்னைக் கேக்கவே இல்லையே நீங்க. அன்னிக்கு ஸ்நோப்பா. எனக்கும் பஸ் இல்ல. போன் செத்துப்போச்சு."

அன்று அவள் வந்ததும் நான் பேசாமல் படுக்கப் போனது நினைவுக்கு வந்தது. ஒரு மாணவியின் நனைந்த காலணியைப் பார்த்தவன் மகளுடையதைப் பார்க்கவில்லை. அவள் என் பேனாவை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக எழுதினாள்: 'பஸ் லேட்.'

"எழுதின தேதியையும் போடு" என்றேன்.

"அய்யோ அப்பா!" என்றாள். போட்டாள்.

ஈஸ்டர் விடுமுறை முடிந்து மூன்றாம் நாள் குழுவின் முடிவு வந்தது. தாமதம் ஏற்கப்பட்டது. மேகனின் நூலகத்துக்கு அவள் வாங்கிய மதிப்பெண் அப்படியே நின்றது. விருது விழா அதற்கடுத்த வாரம். எங்கள் பட்டறைக்காரர் ஒருவர் கேடயம் வாங்கினார். மேகன் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். நானும் கைதட்டினேன்.

இப்போது கவுன்ட்டரில் ஒரு தடித்த நோட்டு வைத்திருக்கிறேன். தாமதமாக வருகிறவரின் பெயர், வந்த நேரம், காரணம், யாரிடம் கேட்டு உறுதி செய்தது, ஜானிஸின் கையெழுத்து. கடைசிக் கட்டத்தில் மாணவரின் கையெழுத்து. போடுவதற்கு முன் வாசிக்கச் சொல்கிறேன். பாதிப் பேர் வாசிப்பதில்லை.

8

மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்த மலரில் நான் எழுதியதற்கு இது திருத்தம். விழாவில் மைக்கில் எதையாவது வாசிப்பதாக இருந்தால், கட்டுரையின் மற்ற பகுதிகளை விட்டுவிட்டு இதை மட்டும் வாசிக்கும்படி மலர்க் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

'தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளன்று ஸ்டெல்லா அவர்கள் தேதியை நிறுத்திவைக்கவில்லை. ரயில் தாமதத்தை நிலையத்தில் கேட்டு உறுதி செய்து, முதல்வரின் எழுத்துமூல அனுமதி பெற்று, நான்கு மாணவர்களின் பெயரையும் வந்த நேரத்தையும் பதிவேட்டில் எழுதி, விண்ணப்பங்களைப் பெற்றுக்கொண்டார். முன்பு நான் எழுதியது தவறு.'

அனுப்பும் முன் அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.

"சரியா இருக்கு. ஒண்ணு மட்டும். 4.25ன்னு நேரத்தையும் போடு. நீ நிஜத்துல வந்தது 4.20. மூச்சு வாங்கிட்டு நின்ன, பேச்சு வரல. அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் பேரைச் சொன்ன. பேரு சொன்ன நேரத்தைத்தான் எழுத முடியும்."

"இந்தத் தடவை விழாவுக்குப் போவீங்களாக்கா?"

"முதல்ல நீ கையெழுத்துப் போடு. பாக்கலாம்" என்றார். வைப்பதற்கு முன், "படிச்சிட்டுப் போடுறா" என்றார்.

வந்த நேரம் 4.25. படித்துவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன்.